பச்சை ஈயிடம்

பச்சை ஈயே,
உன்னிடம்தான் பேசுகிறேன்.
ஹெரிஃபோர்டில் இன்று முப்பத்தொரு டிகிரி.
தார் இளகி லாரிச் சக்கரத்தில் ஒட்டுகிறது.
ஆப்பிள் தோப்பில் ஓர் இலை அசையவில்லை.
உனக்குக் கொண்டாட்டம்.

அழகாகத்தான் இருக்கிறாய்.
புதுச் சைக்கிளின் பெயின்ட் போல முதுகு.
குப்பைத்தொட்டி மூடியில் அமர்ந்து
சாப்பிடப் போகிறவள் கை கழுவுவது போல
முன்கால்களைத் தேய்த்துக்கொள்கிறாய்.
பெத்தன் உன்னை முதன்முதலில் காட்டியபோது
"தோடு மாதிரி இருக்கிறதே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு சீட்டெழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்:

காலை ஆறு, மாலை ஆறு. புரட்டிப் பார்.
வாலுக்கு அடியில் பார். மயிரைப் பிளந்து பார்.
அழுக்கிருந்தால் துடை, நன்றாக உலர்த்து.
வைக்கோலைத் தினமும் மாற்று.
பார்த்தேன் என்று சொல்லாதே. பார்.

வசந்தத்தில் அவள் போய்விட்டாள்,
கார்டிஃபில் இருக்கும் ஒரு பல் வைத்தியரோடு.
அந்த அடுக்ககத்தில் பிராணிகளுக்கு அனுமதியில்லையாம்.
பல் வைத்தியருக்கு உண்டு.
சீட்டு இங்கே. முயலும் இங்கே.

பிஷப் என்று பெயர். கழுத்தில் வெள்ளைப் பட்டை,
பிரசங்கம் செய்யப்போகும் முகம்.
ஒன்பது வயது. இடுப்பு பிடித்துக்கொண்டது.
குனிந்து தன் பின்பக்கத்தை நக்கிக்கொள்ள
வாய் எட்டுவதில்லை.
எனக்குப் புரிகிறது.
என் முதுகின் நடுவே ஒரு சாண் இடம்,
ஏப்ரலிலிருந்து சோப்பு பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை
வூஸ்டர் தாண்டி ஒரு கேரவன் கவிழ்ந்து
மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் நின்றேன்.
ஆறு மணி என்னைக் கடந்து போனது.
ஏழும் போனது.
வீடு சேர்ந்தபோது ஒன்பதரை,
வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம்.
கூண்டின் வலையில் நீ இருந்தாய்,
அவசரமே இல்லாமல்.

புரட்டினேன்.
வாலோரத்தில் ரவை சிந்தினாற்போல,
வெள்ளையாய், கொத்தாய்.
என் கை எனக்குச் சொந்தமில்லாதது போல் நடுங்கியது.
இருபது டன் வண்டியை ஒற்றைக் கையால் திருப்பும் கை.

தொலைபேசியில் இரவு மருத்துவர்:
"பொரிந்துவிட்டதா?"
"இல்லை என்று நினைக்கிறேன்."
"நினைக்காதீர்கள். விளக்கைப் பிடியுங்கள்."
"தண்ணீர் விட்டுக் கழுவவா?"
"வேண்டவே வேண்டாம். நனைக்காமல் கொண்டு வாருங்கள், இப்போதே."

லெம்ஸ்டர் வரை ஜன்னலை இறக்கவில்லை.
வியர்த்துக்கொண்டே ஓட்டினேன்,
நீ உள்ளே வந்துவிடுவாயோ என்று.

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும்,
எனக்கொரு மகள் இருந்திருந்தால்.
மயிரைக் கத்தரித்து, பேன் சீப்பால் வாரி வாரி
ஒவ்வொன்றாய் எடுத்தாள். கடைசியில் நிமிர்ந்து,
"காலையில் பார்த்திருந்தால்" என்றாள்.
மீதியைச் சொல்லாமல் ரசீது எழுதினாள்.
இருநூற்று நாற்பது பவுண்டு.
மருந்தும் தெளித்தாள்,
உன் குஞ்சுகள் வளராமலிருக்க.

நீ கெட்டவளில்லை, அது எனக்குத் தெரியும்.
பிள்ளைகளுக்குக் கதகதப்பான இடம் தேடினாய்,
மணம் காட்டிய வழியில் வந்தாய்.
சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் நரியில் வை,
அழுகிய பறவையில் வை.
கணக்குக் கேட்கமாட்டேன்.
மூச்சு இருப்பதில் மட்டும் வைக்காதே.
நீ கேட்கமாட்டாய். அதனால்
கூண்டுக்குக் கொசுவலை அடித்திருக்கிறேன்.
முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்:
செப்டம்பர் வரை தொலைதூர ஓட்டம் வேண்டாம்.
"முயலுக்காகவா, ப்ராஸர்?"
ஆமாம், முயலுக்காக.

இதோ ஆறு அடிக்கிறது.
முழங்காலிடையில் மல்லாத்தி வைத்து
தோல் தெரியும்வரை மயிரைப் பிளக்கிறேன்.
இளஞ்சிவப்பு. உலர்ந்திருக்கிறது. ஒன்றுமில்லை.
பெத்தனின் சீட்டில் அடியில் கொஞ்சம் இடம்.
தேதி போட்டு எழுதுகிறேன்: ஒன்றுமில்லை.

பிஷப் என் மணிக்கட்டில் ஓர் உதை விட்டு,
முதுகைத் திருப்பிக்கொண்டு
வைக்கோல் மெல்லப் போகிறார்.